பில்லில் ஒளிந்திருக்கும் ஸ்டேடியம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): சின்சினாட்டியில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே 60 டாலருக்கு ஒரு ஷூ வாங்கினோம். பில்லில் வரி தனியாகச் சேர்ந்திருந்தது. "இதில் கொஞ்சம் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குப் போகுது அப்பா" என்றான் மகன். கிண்டல் பண்ணுகிறானா?

பதில்: கிண்டல் இல்லை சார், உண்மைதான். சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுன்ட்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) 1996 மார்ச்சில் ஓட்டெடுப்பு நடத்தி, விற்பனை வரியை அரை சதவீதம் ஏற்றினார்கள். உங்கள் ஷூவில் அது 30 சென்ட். அமெரிக்க ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை) டீம் பெங்கால்ஸுக்கு ஒன்று, பேஸ்பால் டீம் ரெட்ஸுக்கு ஒன்று என இரண்டு ஸ்டேடியம் கட்டத்தான் இந்த ஏற்பாடு. ஓட்டுப் போடுபவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று, வசூலில் ஒரு பகுதியை வைத்து வீட்டு வரியைக் குறைப்போம் என்றும் சொன்னார்கள்.

சாதாரண ஜனங்கள் இதற்கு ஏன் சரி என்றார்கள்? பயம்தான். புது ஸ்டேடியம் இல்லாவிட்டால் பால்டிமோருக்குப் போய்விடுவேன் என்று பெங்கால்ஸ் முதலாளி ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டெடுப்புக்கு நாலு மாதம் முன்னால், 1995 நவம்பரில், அதே ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து டீம் நிஜமாகவே பால்டிமோருக்குக் கிளம்புவதாக அறிவித்துவிட்டது. பக்கத்து வீட்டில் திருடு போன மறுநாள் பூட்டு விற்க வருபவனிடம் யாரும் பேரம் பேசுவதில்லை, இல்லையா?

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். வரி வசூல் கணக்குப் போட்ட அளவுக்கு வரவில்லை, ஆனால் டீமோடு போட்ட ஒப்பந்தத்தில் ஸ்டேடியத்தைப் பராமரிப்பதும் மேம்படுத்துவதும் பெரும்பாலும் கவுன்ட்டி தலையில்தான். மற்ற ஸ்டேடியங்களில் ஹாலோகிராம் ரீப்ளே என்று ஒன்று வந்தால் இங்கேயும் கவுன்ட்டி செலவில் வைத்துத்தர வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருந்தது. அப்படி ஒரு சாதனம் அன்றைக்கு எந்த ஸ்டேடியத்திலும் கிடையாது. எழுதிய வக்கீலைப் பாராட்டத்தான் வேண்டும். பற்றாக்குறையைச் சமாளிக்க வீட்டு வரிச் சலுகையை வெட்டினார்கள், கவுன்ட்டிக்குச் சொந்தமான ஒரு ஆஸ்பத்திரியை விற்று அந்தப் பணத்தையும் ஸ்டேடியம் கணக்கில் போட்டார்கள்.

கேள்வி (கோவை வாசகி): ஸ்டேடியம் வந்தால் ஹோட்டல், ஆட்டோ, கடை எல்லாம் பிழைக்குமே, ஊருக்கு லாபம்தானே?

பதில்: ஒவ்வொரு ஸ்டேடியத்துக்கும் சொல்லப்படும் வாதம் இது. 1997ல் ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற பொருளாதார நிபுணர்கள் பல ஊர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள்; போட்ட அளவுக்குத் திரும்பி வந்ததாக எங்கேயும் தெரியவில்லை. இந்த விஷயத்தில் பொருளாதாரக்காரர்கள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான், அதுவே அபூர்வம். காரணம் சிம்பிள்: ஊர்க்காரர் ஒருவர் மேட்சுக்கு 200 டாலர் செலவழிக்கிறார் என்றால், அந்த மாதம் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் அதைக் குறைத்துக்கொள்கிறார். பணம் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போகிறது, அவ்வளவுதான். போதாததற்கு, அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு சீசனுக்கு சொந்த ஊரில் நடப்பது எட்டோ ஒன்பதோ ஆட்டம்தான். மீதி நாளில் பெரும்பாலும் அந்த இடம் பூட்டிய கல்யாண மண்டபம்.

கேள்வி (மதுரை வாசகர்): "போனால் போ" என்று ஒரு ஊர்கூடச் சொன்னதில்லையா?

பதில்: சியாட்டில் சொன்னது. போடும் பணத்துக்கு நியாயமான வருமானம் வராவிட்டால் எந்த விளையாட்டு டீமுக்கும் நகராட்சி காசு கொடுக்கக் கூடாது என்று 2006ல் ஓட்டெடுப்பு நடந்து, 74 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே சூடுபட்ட அனுபவம் உண்டு. 1976ல் திறந்த கிங்டோம் என்ற ஸ்டேடியத்தை 2000ல் வெடி வைத்துத் தகர்த்தாயிற்று. அதன் கடன் அடைந்தது 2015ல். இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து வருஷம் தவணை! சரி, 'கொடுக்க மாட்டோம்' என்றதற்குப் பலன்? 41 வருஷம் அந்த ஊரில் ஆடிய சூப்பர்சோனிக்ஸ் கூடைப்பந்து டீம் 2008ல் ஒக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. 2018ல் சென்னை மேட்சுகள் புனேவுக்குப் போன மாதிரி ஒரு சீசன் சமாச்சாரம் இல்லை இது, பெயரையே மாற்றிக்கொண்டு ஒரேயடியாகப் போனது. அந்த ஒக்லஹோமா சிட்டி 2023 டிசம்பரில், குறைந்தது 90 கோடி டாலருக்குப் புது அரங்கம் கட்ட வரி போட ஒப்புக்கொண்டு ஓட்டுப் போட்டது. டீம் கொடுப்பது 5 கோடி!

சொல்லாமல் போன கதையும் உண்டு. 1984 மார்ச்சில் பால்டிமோர் கோல்ட்ஸ் ஃபுட்பால் டீமை நகரமே கையகப்படுத்த வழிசெய்யும் சட்டம், அந்த ஊர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் தயாரானது. முதலாளிக்குத் தகவல் எட்ட, பனி பெய்த ஒரு ராத்திரியில் சாமான் ஏற்றும் லாரிகளை வரவழைத்து ஹெல்மெட் முதல் ஃபைல் வரை அள்ளிப் போட்டுக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டார். விடிந்தபோது ஊரில் டீம் இல்லை. அந்தக் காயத்தோடு இருந்த பால்டிமோர்தான் பிறகு கிளீவ்லாந்து டீமைத் தூக்கிக்கொண்டு வந்தது. கிளீவ்லாந்து சும்மா இருந்ததா? அதுவும் மக்கள் பணத்தில் புது ஸ்டேடியம் கட்டி 1999ல் வேறு டீம் வாங்கிக்கொண்டது.

கேள்வி (சேலம் வாசகர்): கோடீஸ்வர முதலாளிகள் சொந்தக் காசில் கட்டவே மாட்டார்களா?

பதில்: லாஸ் ஏஞ்சலஸில் கட்டினார்களே, பெரும்பாலும் தனியார் பணத்தில், சோஃபை ஸ்டேடியம். அவ்வளவு பெரிய ஊரில் போட்டதை எடுத்துவிடலாம். இன்னொரு வேடிக்கை, 1995லிருந்து 2015 வரை அந்த ஊருக்கு ஃபுட்பால் டீமே கிடையாது. லீக்கில் டீம் எண்ணிக்கையை முடிவு செய்வது முதலாளிகளேதான். கேட்கும் ஊர்களைவிட டீம் எப்போதும் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள், மியூசிக்கல் சேர் மாதிரி. பெரிய ஊர் ஒன்று காலியாகக் கிடந்தால் மற்ற எல்லா முதலாளிக்கும் அது ஒரு பூச்சாண்டி: "லாஸ் ஏஞ்சலஸ் போகட்டுமா?" என்றால் போதும், உள்ளூர் சட்டசபை இறங்கி வரும். என்னைக் கேட்டால், ஊர்கள் விலை கொடுப்பது கட்டடத்துக்கு அல்ல, அந்த ஒரு கேள்விக்குத்தான்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): டீமை ஊரே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே?

பதில்: கிரீன் பே என்ற சின்ன ஊரில் அப்படித்தான். ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனத்தொகை, டீமின் பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கு மேல். அதனால் அந்த டீம், பேக்கர்ஸ், ஊரை விட்டு அசையாது. இனிமேல் யாரும் அந்த வழியில் போகக் கூடாது என்று லீக் விதி போட்டுவிட்டது. இது பழைய டீம் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் 2000ல் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க அரை சதவீத விற்பனை வரிக்கு ஓட்டெடுப்பு வைத்தார்கள், சுமாரான வித்தியாசத்தில்தான் ஜெயித்தது, 2015ல் வரி நின்றது. இன்னொன்று, அந்த ஷேருக்கு டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. பத்திரத்தை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிக்கொள்ளலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.