வெட்டவெளியில் வேலை நடக்கும்போது இடி மின்னல் வந்தால் எப்போது நிறுத்துவது, எங்கே ஒதுங்குவது?

கேள்வி கேட்டவர் வேலை செய்யும் சைட்டில், மழை விழுந்த பிறகுதான் ஆட்களை இறங்கச் சொல்கிறார்களாம். முப்பது வினாடிக் கணக்கு என்று ஒன்று உண்டாமே, அதை வைத்துக்கொண்டால் போதுமா என்றும் கேட்கிறார்.

கட்டுமான வேலைகளில் பாதுகாப்பு மேற்பார்வை பார்ப்பவன் நான். முதலில் மழை விஷயம். மழையை வைத்து முடிவெடுப்பது தவறு. மழை கொட்டும் இடத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கிற இடத்தில்கூட மின்னல் விழும். முதல் தூறலுக்குக் காத்திருப்பவர்கள் ஆபத்தான நேரத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே சாரத்தின் மேல் கழித்துவிட்டார்கள்.

முப்பது வினாடிக் கணக்கு இதுதான்: ஒளி உடனே தெரியும், சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 3 வினாடி ஆகும். மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பித்து, 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் இடத்திலேயே விழலாம். உடனே ஒதுங்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

தரையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு, பக்கத்திலேயே நல்ல கட்டடமும் இருந்தால், இது போதும். உயரத்தில் இருப்பவர்களுக்குப் போதாது. அந்த 30 வினாடி வரும்போது ஆட்கள் உள்ளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான சைட்டுகளில் அப்போதுதான் விசில் ஊதவே தொடங்குகிறார்கள். டவர் கிரேன் ஆபரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் லோடை இறக்க வேண்டும், கொக்கியை மேலே ஏற்ற வேண்டும், காற்று வீசும் பக்கம் பூம் (கிரேனின் நீண்ட கை) தானாகத் திரும்பும்படி பிரேக்கை விட வேண்டும், அப்புறம் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். இதற்குச் சாதாரணமாகவே கால் மணி நேரம் போய்விடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகம் 10 கிலோமீட்டரைக் கடக்கவும் அதே கால் மணி நேரம்தான் ஆகும்.

அதனால் நான் கணக்கைப் பின்பக்கத்திலிருந்து போடச் சொல்வேன். உங்கள் சைட்டில் இறங்கி வர அதிக நேரம் பிடிக்கிற ஆள் யார் என்று பாருங்கள். கிரேன் ஆபரேட்டராக இருக்கலாம், மேல் தளத்தில் கம்பி கட்டுகிறவராக இருக்கலாம், குழாய் பதிக்கும் வேலையில் கடைக்கோடியில் நிற்கிறவராகவும் இருக்கலாம். அவர் வேலையை விட்டு உள்ளே வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் கடிகாரத்தை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் மேகம் எவ்வளவு தூரம் வருமோ, அதை 10 கிலோமீட்டரோடு கூட்டினால் வேலையை நிறுத்த வேண்டிய தூரம் கிடைத்துவிடும். மேலே சொன்ன கிரேனுக்கு அது 20 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் இடிச் சத்தம் பெரும்பாலும் கேட்காது. மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் செயலியோ உணர்கருவியோ வேண்டும்.

காதை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம், சைட்டின் இரைச்சல். ஜெனரேட்டர் ஒருபக்கம், கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் ஒருபக்கம், ஆட்கள் காதில் அடைப்பான் வேறு. இடி பக்கத்தில் வந்து விழுந்தால்தான் தெரியும். வானத்தையும் போனையும் பார்ப்பதற்கென்று தினமும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். “மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்ற நிலைமை இருந்தால் செயலி வைத்தும் பயன் இல்லை.

“கான்கிரீட் பாதியில் இருக்கிறது, எப்படி நிறுத்துவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும். நிலப்பகுதியில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் திரளும். இடி மழைப் பருவத்தில் கூரைத் தகடு மாட்டுவது, பெரிய லோடு தூக்குவது, மேல்தளக் கான்கிரீட் எல்லாவற்றையும் விடியலுக்குத் தள்ளிவிடலாம். நடுவில் நிறுத்த நேர்ந்தால் எந்த இடத்தில் ஜாயின்ட் (பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடம்) விடுவது என்று இன்ஜினியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் அன்றைக்கு வாக்குவாதமே வராது.

சரி, எங்கே ஒதுங்குவது? மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற, நாலு பக்கமும் சுவருள்ள, முடிந்த கட்டடம் முதல் தேர்வு. இடி அதன் மேல் விழுந்தாலும் மின்சாரம் பெரும்பாலும் அந்தக் கம்பி, குழாய் வழியாகவே நிலத்துக்குப் போகும். அதனால் உள்ளே இருக்கும்போது குழாயையோ, பிளக்கில் செருகிய கருவியையோ தொடாதீர்கள், கான்கிரீட் சுவரில் சாயாதீர்கள், அதற்குள்ளும் கம்பி இருக்கிறது. இரண்டாவது தேர்வு, இரும்புக் கூரையுள்ள, கண்ணாடி ஏற்றிய வண்டி. பாதுகாப்பது டயர் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்குச் சில அங்குல ரப்பர் ஒரு தடையா? வண்டியின் இரும்பு உடம்புதான் மின்சாரத்தை வெளிப்புறமாகவே கடத்தி நிலத்தில் விடுகிறது. ஆட்களை ஏற்றி வரும் பஸ்ஸை, இறக்கிவிட்டதும் அனுப்பிவிடாமல் அந்தப் பருவத்தில் சைட்டிலேயே நிறுத்திவைத்தால் அதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

கண்ணாடி ஏற்றியிருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமே உண்டு. அமெரிக்காவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் ரேஞ்சராக இருந்த ராய் சல்லிவன் 1942-க்கும் 1977-க்கும் இடையே ஏழு முறை மின்னலால் தாக்கப்பட்டுப் பிழைத்தவர். 1969-ல் அவர் ஓட்டிக்கொண்டிருந்த டிரக்கின் திறந்த ஜன்னல் வழியாகத்தான் தாக்கியது. முதல் தாக்குதல் 1942-ல், புதிதாகக் கட்டி இன்னும் இடிதாங்கி பொருத்தாத தீக் கண்காணிப்புக் கோபுரத்தில் ஒதுங்கியபோது. பாதி கட்டிய கட்டடத்தில் ஒதுங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை இது. வரைபடத்தில் இடிதாங்கி இருக்கும், சுவர் இருக்கும், தரை இணைப்பும் இருக்கும். நீங்கள் நிற்கும் நாளில் எதுவுமே இருக்காது.

தார்ப்பாய்க் கூடாரம், பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகை, மரத்தடி, சாரத்தின் கீழ், இதெல்லாம் மழைக்கு ஒதுங்கும் இடங்கள். மரத்தைத் தொடவில்லையே என்று நினைக்காதீர்கள். மின்னல் நிலத்தில் இறங்கியதும் சுற்றிலும் பரவுகிறது, தூரம் கூடக் கூட வலு குறைகிறது. இரண்டு கால்களும் அகன்று நின்றால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வந்து, மின்சாரம் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும். மின்னலால் அதிகம் பேர் பாதிக்கப்படுவது நேரடியாகத் தாக்கி அல்ல, இப்படித் தரை வழியாகத்தான். நீளமான கம்பி வேலி, பதிக்கக் காத்திருக்கும் இரும்புக் குழாய் வரிசை போன்றவை அதைத் தூரத்திலிருந்தே கொண்டுவந்து சேர்க்கும். கிரேன் கொக்கியில் தொங்கும் லோடைக் கீழே பிடித்துக்கொண்டிருப்பவர், மேலே கேபினுக்குள் இருப்பவரைவிட மோசமான இடத்தில் நிற்கிறார்.

அதே நேரம், கையில் இருக்கும் ஸ்பேனரோ பாக்கெட்டில் இருக்கும் போனோ மின்னலை இழுத்து வராது. அது தேடுவது உயரத்தையும் தனித்து நிற்பதையும்தான். பொக்லைன் ஆபரேட்டர் மூடிய கேபினில் இருந்தால், பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்தபடி உள்ளேயே இருக்கலாம். வெடி வைக்கும் இடமாக இருந்தால் மட்டும் பேச்சே வேண்டாம். வெடியைத் தூண்டும் டெட்டனேட்டர் எந்த வகையாக இருந்தாலும், மின்னல் நெருங்குகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் வெடி எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

யாருக்காவது தாக்கிவிட்டால்: அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தயங்காமல் தொடலாம். பலர் விழுந்திருந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளில் செய்வதற்கு நேர்மாறு இது. மின்னலில் நின்ற இதயம் பல நேரம் தானாகவே திரும்பத் துடிக்கும், மூச்சு மட்டும் திரும்பாது. அந்த இடைவெளியில் மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்திக்கொண்டிருந்தால் பிழைக்க வைக்கலாம். தானாக எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள், நரம்புக் கோளாறுகள் பிறகு தெரியவரும்.

திரும்ப வேலை தொடங்குவது பற்றி: 25-வது நிமிடத்தில் ஒரு இடி கேட்டால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதில்தான் சூப்பர்வைசர்கள் பொறுமை இழப்பார்கள். கிரேன் மேல் விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், வயர் ரோப், பேரிங், மின்பகுதிகளைத் தகுதியுள்ளவர் பார்த்து எழுதிக் கொடுக்கும் வரை லோடு தூக்க விடாதீர்கள்.