தாளம் ஒன்றாவதும் ஒன்றாகாததும் இணைப்பின் அமைப்பைப் பொறுத்தது ஏன்?

கடிகார ஊசல், இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல், மின்னாக்கி என, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் எதையும் அலைவி எனலாம். ஒன்றின் அசைவு மற்றொன்றைச் சிறிதேனும் இழுத்தால் அவை பிணைந்தவை. அந்த இழுப்பால் தாளம் ஒன்றாவதே ஒத்திசைவு. ஒரே சட்டத்தில் தொங்கிய இரு ஊசல் கடிகாரங்களில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1665-இல் இதைக் கண்டார்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு, எது எதோடு பிணைந்திருக்கிறது என்ற அமைப்பு ஏன் முக்கியம் என்பது எளிதில் விளங்கும். புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்ட, குடம், உடுக்கை, ஜால்ரா மூன்றும் அவரை நேரடியாகவே பின்பற்றுவதால், ஒருவர் சற்றுப் பிந்தினாலும் அடுத்த அடியிலேயே சேர்ந்துகொள்கிறார். பாட்டே இல்லாமல் முப்பது பெண்கள் பெரிய வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் இருபக்கத்தாரை மட்டும் பார்த்துக் கும்மியடிப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒருவரது பிசகைச் சரிசெய்யும் அசைவு ஆள் ஆளாகக் கடந்து எதிர்ப்புறம் சேர்வதற்குள் அங்கே வேறொரு பிசகு தொடங்கியிருக்கும். திருத்தம் எத்தனை கைமாறிப் போகவேண்டும் என்பதை அமைப்புதான் தீர்மானிக்கிறது. வட்டத்தின் குறுக்கே சிலர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டாலே அந்த வழி வெகுவாகக் குறுகிவிடும். சில குறுக்கு இணைப்புகளுக்கு இவ்வளவு வலு உண்டு என்பதை வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டியது, என் பார்வையில், இத்துறையின் மிக அழகான முடிவு.

இணைப்பைக் கூட்டக் கூட்ட ஒத்திசைவும் கூடும் என்று பலர் கருதுவது சரியன்று: கூடங்குளத்து மின்னாக்கியும் பாபநாசத்து மின்னாக்கியும் வினாடிக்கு 50 அலைவு என்ற ஒரே மின்தாளத்தில் இயங்கும் மின்கட்டமைப்பு போன்றவற்றில், பொருந்தாத இடத்தில் சேர்த்த புதிய மின்தடம் ஒன்று, மின்னோட்டத்தை வேறு வழியில் திருப்பி, இருந்த ஒத்திசைவையே குலைத்துவிடக்கூடும்.