கொசுப்புழு ஒழிப்பில் மூலிகைச் சாறுகள்: கேள்வி பதில்

டெங்குக் காலம் நெருங்கும்போதெல்லாம் வேம்பு, நொச்சி, துளசி, சீத்தாப்பழ விதை ஆகியவற்றைக் கொண்டு கொசுப்புழுக்களை அழிக்க முடியுமா என்று பலரும் கேட்கின்றனர். கொசுப்புழு ஆய்வில் நெடுங்காலம் ஈடுபட்டிருக்கும் ஒருவர், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி (இல்லத்தரசி, கோவில்பட்டி): ஐயா, எங்கள் ஊரில் குடிநீர் தினமும் வருவதில்லை, டிரம்மில் பிடித்து வைக்கிறோம். அதில் புழு நெளிகிறது. அபேட் மருந்துக்குப் பதிலாக வேப்ப எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் நீரில் வேண்டாம் அம்மா. வேப்ப எண்ணெய் உட்கொண்ட கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. மூலிகை என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. மேலும், எண்ணெயை அப்படியே ஊற்றும்போது புழு சாவதற்குப் பெரும்பாலும் காரணம், நீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலம் அதன் மூச்சுக்குழாயை அடைத்துவிடுவதுதான். நீங்கள் ஒரு குடம் தண்ணீர் மொண்டவுடன் அந்தப் படலம் கிழிந்துவிடும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும், மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி வையுங்கள். அபேட் என்று நாம் சொல்லும் டெமிபாஸ் மருந்து, குடிநீரில் 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. பணியாளர்கள் அளந்து ஊற்றும் மருந்தைத் தடுக்க வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்): துளசி, தும்பை இலைகளை மிக்சியில் அரைத்து வடிகட்டி, மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றிப் பார்த்தேன். முதல் நாள் சில புழுக்கள் செத்தன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முன்னைவிட அதிகமாக இருக்கின்றன. எதனால்?

பதில்: புழுவைக் கொல்லும் வேதிப்பொருட்களில் பல தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை. ஆய்வகத்தில் நிழலில் உலர்த்திய இலைத்தூளை ஹெக்சேன், அசிட்டோன், மெத்தனால் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்தோ சாக்ஸ்லெட் என்னும் சாறு இறக்கும் கருவியில் காய்ச்சியோ பிரித்தெடுத்து, கரைப்பானை நீக்கியபின் எஞ்சும் பிசின் போன்ற பொருளைத்தான் சாறு என்கிறோம். நீங்கள் அரைத்த பச்சைச் சாற்றில் மருந்துப்பொருள் குறைவாகவும், இலைச்சக்கையும் மாவுப்பொருளும் மிகுதியாகவும் இருந்திருக்கும். அவை ஓரிரு நாளில் அழுகத் தொடங்கி, நுண்ணுயிர்கள் பெருகி, புழுக்களுக்கே உணவாகிவிடுகின்றன. அதோடு, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுகிய நீரின் வாடையைத் தேடி வந்து முட்டையிடும் இயல்புடையது. வைக்கோலை ஊறவைத்துப் புளித்த நீரை வைத்தே ஆய்வாளர்கள் அந்தக் கொசுவைப் பொறியில் பிடிக்கின்றனர். ஒழிக்க நினைத்த கொசுவை உங்கள் வாளியே வரவழைத்திருக்கிறது. அதை இன்றே கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி (விவசாயி, திருத்துறைப்பூண்டி): பயிருக்குத் தெளிக்க 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிக்கிறேன். மீதமாவதை வீட்டோரக் குட்டையில் ஊற்றினால் கொசு குறையுமா?

பதில்: குறையும், ஆனால் பொறுமை வேண்டும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் உடனே கொல்லும் நஞ்சன்று. புழு தோலுரிப்பதற்குத் தேவையான இயக்குநீரின் (ஹார்மோன்) சுரப்பை அது குலைக்கிறது. அதனால் ஊற்றிய மறுநாள் புழுக்கள் வழக்கம்போல் நெளிந்துகொண்டிருப்பதைக் கண்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான்கைந்து நாள் கழித்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீரை மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். பழைய தோல் வாலில் தொங்க அதைக் கழற்ற முடியாமல் செத்த புழுவும், கொசுவாகும் முன்பருவமான கூட்டுப்புழுவின் ஓட்டிலிருந்து தலையும் மார்பும் மட்டும் வெளிவந்து, கால்கள் உள்ளேயே சிக்கி மிதக்கும் கொசுவும் தென்படும்.

வேப்ப எண்ணெயை நீரோடு கலக்கும் பக்குவத்தில் தயாரித்துச் சோதித்து 2009-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ், கியூலெக்ஸ், ஏடிஸ் ஆகிய மூவகைப் புழுக்களிலும் பாதியளவு சாவதற்கு 2 பிபிஎம்முக்கும் குறைவான அளவே போதுமானதாக இருந்தது. தாவரப் பொருளுக்கு இது மிகச் சிறந்த விளைவு. ஆனால் அது சீராகத் தயாரித்த பொருள். நம் வீட்டுக் கரைசலின் வீரியம் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த கொட்டையை ஒதுக்கிவிடுங்கள். வெயிலில் அசாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் ஊற்றுவதும், வாரம் ஒருமுறை மீண்டும் ஊற்றுவதும் அவசியம். குட்டையில் மீன் இருந்தால் ஊற்றவே வேண்டாம். அந்த மீனே புழுவைத் தின்றுவிடும்.

வயலைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைகள் நெல் வயலில் பெருகுபவை. மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் 1990-களில் நெல் வயலில் வேம்புப் பொருட்களையும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டும் முறையையும் இணைத்து ஆராய்ந்து, புழுக்கள் நன்றாகக் குறைவதைக் கண்டனர். வேம்பு தன் முழுப் பயனைத் தரும் இடம் டிரம்மைவிட வயல்தான் என்பது என் கருத்து.

கேள்வி (முதுநிலை விலங்கியல் மாணவி, திருநெல்வேலி): நொச்சி இலையின் மெத்தனால் சாற்றுக்கு எல்.சி.50 அளவு, அதாவது பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவு, 120 பிபிஎம் என்று வந்துள்ளது. சாறு சேர்க்காத ஒப்பீட்டுக் குவளையிலும் 10 சதவீதப் புழுக்கள் செத்தன. இந்த முடிவை ஏற்கலாமா? இது நல்ல விளைவா?

பதில்: ஒப்பீட்டில் இறப்பு 5 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் அந்த இயல்பான இறப்பைக் கழிக்கும் அபாட் சூத்திரப்படி திருத்திக்கொள்ளலாம், 20-ஐத் தாண்டினால் சோதனையைக் கைவிட்டு மீண்டும் செய்ய வேண்டும். சாற்றுக் குவளையில் 80 சதவீதம் செத்திருந்தால், 80-லிருந்து 10-ஐக் கழித்து, வரும் 70-ஐ, 100-லிருந்து 10 போக மீதமுள்ள 90-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். திருத்திய இறப்பு 77.8 சதவீதம். ஒப்பீட்டுக் குவளையில் வெறும் தண்ணீர் வைத்தீர்களா, அதே அளவு கரைப்பான் சேர்த்த தண்ணீர் வைத்தீர்களா என்பதையும் பாருங்கள். கரைப்பான் சேர்க்காத ஒப்பீடு ஒப்பீடே அன்று. அசையாமல் கிடக்கும் புழுவையெல்லாம் செத்ததாக எண்ணிவிடாமல் ஊசி முனையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உயிருள்ள புழு சட்டென்று நெளிந்து கீழே இறங்கும்.

நல்ல விளைவா என்பதை ஒரு டிரம்மை வைத்துக் கணக்கிடுங்கள். 200 லிட்டர் நீரில் 120 பிபிஎம் வேண்டுமென்றால் 24 கிராம் உலர் சாறு தேவை. நூறு கிராம் இலைத்தூளிலிருந்து 8 கிராம் சாறு கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 300 கிராம் உலர்ந்த இலை வேண்டும்; அதுவும் பாதிப் புழுக்களைக் கொல்வதற்கு மட்டுமே. அதே டிரம்முக்கு டெமிபாஸின் உச்ச அளவே 0.2 கிராம்தான். இதனால் உங்கள் உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாற்றுக்குள் எந்தப் பொருள் கொல்கிறது என்று பிரித்தறிவதே அடுத்த படி. ஆய்வேட்டில் 90 சதவீதப் புழுக்களைக் கொல்லும் எல்.சி.90 அளவையும், மீன்குஞ்சு போன்ற பிற உயிர்கள் மீதான சோதனையையும் சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாமல் "பாதுகாப்பானது" என்ற சொல்லை எழுதாதீர்கள்.

கேள்வி (சென்னை): மாநகராட்சி முன்பு நொச்சிக் கன்றுகள் கொடுத்ததே, கால்வாய்க் கரையில் நட்டால் புழு சாகுமா?

பதில்: சாகாது. நொச்சி இலைப் புகை கொசுவை விரட்டும். நிற்கும் செடியிலிருந்து கால்வாய் நீரில் மருந்து இறங்குவதில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்): சீத்தாப்பழ விதைத்தூள் நன்றாக வேலை செய்கிறதாமே? மாணவர்களின் அறிவியல் கண்காட்சிக்குச் செய்து காட்டலாமா?

பதில்: வேலை செய்யும். அதில் உள்ள அசிட்டோஜெனின் என்னும் பொருட்கள் செல்லின் ஆற்றல் உற்பத்தியையே நிறுத்திவிடுகின்றன. அந்த வேலையைப் புழுவிடம் மட்டுமே காட்டும் என்பதற்கு உறுதியில்லை. பேனுக்காகத் தலையில் தேய்த்த இந்தத் தூள் கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணானவர்கள் நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளுக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்காதீர்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஏடிஸ் புழுவையும் அனாபிலிஸ் புழுவையும் வைத்து, முதலாவது தலைகீழாகச் சாய்ந்து தொங்குவதையும் மற்றது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருப்பதையும் காட்டச் சொல்லுங்கள். குவளைகளின் வாயை வலைத்துணியால் கட்டி, முடிந்தவுடன் வெந்நீர் ஊற்றி அழித்துவிட வேண்டும்.

கேள்வி (ஊராட்சித் தூய்மைப் பணியாளர், விழுப்புரம்): உருண்டையாக, கமா போல் வளைந்திருக்கும் புழு மட்டும் எந்த மருந்துக்கும் சாவதில்லையே?

பதில்: அது கூட்டுப்புழு; எதையும் உண்ணாது. உணவோடு உள்ளே போனால்தான் வேலை செய்யும் மருந்து அதனிடம் பலிக்காது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட பி.டி.ஐ. பாக்டீரியா மருந்தும் அப்படித்தான். கூட்டுப்புழு இரண்டு நாளில் கொசுவாகிவிடும். ஆகவே அதைக் கண்ட பாத்திரத்தில் மருந்து ஊற்றிவிட்டுக் காத்திராமல், தண்ணீரை அப்போதே மண் தரையில் கொட்டிவிடுங்கள். கொட்ட முடியாத தொட்டியாக இருந்தால் வலைத்துணியால் அரித்து எடுத்துவிட்டு அதன்பின் மருந்து இடுங்கள்.