அடக்க விலையும் அப்பத்தாவின் காத்திருப்பும்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை, மூன்றாம் முறை எழுத மறுக்கிறாள், செவிலியர் படிப்பும் வேண்டாம் என்கிறாள், மருத்துவமனைகள் எப்படி நடக்கின்றன என்பதை ஆராயப் போவதாகச் சொல்கிறாள், பெயர் சொன்னால் பங்காளி வீட்டில் ஒருவருக்கும் விளங்காத படிப்பை நம்பி எப்படிப் பணம் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு நான் புத்தி சொல்ல வேண்டும் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. அவளுடன் ஒரு மணி நேரம் பேசிய பிறகு, உங்களிடம்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவள் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினாள். அப்பத்தாவைச் சர்க்கரை நோய்க்காக மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் பதிவு இப்படி இருந்தது: வந்து சேர்ந்தது 8.10, சீட்டு வாங்கியது 8.40, இரத்த அழுத்தம் பார்த்தது 9.25, மருத்துவர் அறைக்குள் நுழைந்தது 10.50, வெளியே வந்தது 10.56, இரத்தம் எடுத்தது 11.30, மருந்து வரிசையில் நின்றது 11.45, மருந்து கைக்கு வந்தது 12.30. நான்கு மணி இருபது நிமிடத்தில் மருத்துவர் முகத்தைப் பார்த்தது ஆறு நிமிடம். அதற்குக் கீழே, மூட்டு வலியால் அப்பத்தாவால் பேருந்தில் ஏற முடியாததால் கொடுத்த ஆட்டோ வாடகை, காலைச் சிற்றுண்டி, நீங்கள் பலகாரக் கடையை அரை நாள் மூடியதால் போன வியாபாரம் ஆகியவற்றை எழுதி, "வைத்தியம் இலவசம், போய் வந்தது இலவசம் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

ஆச்சி, இந்த வேலைக்குத்தான் சுகாதாரச் சேவை ஆராய்ச்சி என்று பெயர். நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது ஓர் ஆராய்ச்சி என்றால், கண்டுபிடித்த மருந்து கானாடுகாத்தானில் இருக்கும் ஒரு மூதாட்டியிடம் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில், எந்தத் தரத்தில் போய்ச் சேருகிறது என்று பார்ப்பது இன்னோர் ஆராய்ச்சி. அவள் நோட்டில் குறைகளும் உண்டு. ஒரே நோயாளி, ஒரே மருத்துவமனை, அதுவும் கூட்டம் மிகுந்த திங்கட்கிழமைகள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எத்தனை நாள், எத்தனை பேரைக் குறித்தால் ஒரு முடிவை நம்பலாம் என்பதைத்தான் அவள் கல்லூரியில் படிக்க வேண்டும்.

செலவு என்ற சொல்லில் இருக்கும் சிக்கல் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு கிலோ மணகோலத்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். அடக்க விலை என்னவென்று கேட்டால், மாவு, எண்ணெய், எரிவாயு, கூலி என்று எண்ணத் தொடங்கி, உடைந்துபோன துண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது, ஐந்து வருடம் உழைக்கும் அடுப்பின் விலையில் இந்தக் கிலோவுக்கு எவ்வளவு போடுவது என்று யோசிப்பீர்கள். மொத்தமாக வாங்கும் கடைக்காரர் தருகிற விலை வேறு, வாசலில் வந்து வாங்குகிறவர் தருகிற விலை வேறு. மருத்துவமனையிலும் இதே கதைதான். நோயாளியிடம் வாங்கும் கட்டணம் ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதே அறுவை சிகிச்சைக்கு நிர்ணயித்திருக்கும் தொகை இன்னொன்று. மருத்துவமனைக்கு உண்மையில் ஆகும் அடக்க விலை மூன்றாவது. அறுவை அரங்கு காலியாகக் கிடக்கும் நேரத்தை யார் தலையில் கட்டுவது, ஒரே செவிலியர் மூன்று வார்டுகளைப் பார்த்தால் அவர் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கெல்லாம் முறைகள் இருக்கின்றன. அரசு நிர்ணயிக்கும் தொகை அடக்க விலைக்குக் கீழே இருந்தால் மருத்துவமனைகள் அந்த நோயாளிகளைத் தட்டிக்கழிக்கும்; மிக மேலே இருந்தால் தேவையற்ற அறுவை சிகிச்சைகள் பெருகும். ஒரு சிகிச்சையின் பலன் அதற்கு ஆகும் செலவுக்கு ஈடாகுமா என்று கணக்கிடும் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென்று மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை 2017-இல் தனி அமைப்பையே தொடங்கியது. அந்தக் காலத்தில் ரங்கூன் கடைகளிலிருந்து வந்த ஐந்தொகைக் கணக்கில் ஓர் அணா குறைந்தாலும் இரவு முழுவதும் தேடிய ஊரில் இந்தத் தொழிலுக்கு ஆள் கிடைக்காமல் போவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

தரத்தை அளப்பது இதைவிடக் கடினம். அவேடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவ அறிஞர் 1966-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இன்றுவரை இந்தத் துறையில் நுழைகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிரசவ வார்டில் கட்டிலும் மருத்துவரும் இரத்த வங்கியும் இருப்பது அமைப்பு. தாயின் இரத்த அழுத்தத்தை உரிய நேரத்தில் பார்த்தார்களா என்பது செயல்முறை. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்களா என்பது விளைவு. விளைவை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். அப்படிப் பார்த்தால், சிக்கலான பிரசவங்களை ஏற்றுக்கொள்ளும் பெரிய மருத்துவமனை மோசமானதாகவும், அவற்றை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிடும் சிறிய மருத்துவமனை சிறந்ததாகவும் தெரியும். நோயாளிகளின் நிலையில் இருக்கும் வேறுபாட்டைக் கழித்துவிட்டு ஒப்பிடுவதற்குப் புள்ளியியல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் இது எவ்வளவு நெருக்கமான விஷயம் என்பது புரியும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 21.5 பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடந்தன. தமிழ்நாட்டில் அது 44.9. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் படித்தவுடன் மருத்துவர்கள் பணத்துக்காகச் செய்கிறார்கள் என்று ஒருவர் சொல்வார். நம் ஊரில் மருத்துவமனைக்கு வெளியே பிரசவம் நடப்பதே அபூர்வம் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று இன்னொருவர் சொல்வார். முதல் பிரசவம் அறுவையாக இருந்தால் இரண்டாவதும் பெரும்பாலும் அறுவையாகிறது என்று மூன்றாமவர் சொல்வார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் ஆராய்ச்சியாளரின் வேலை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் வென்பர்க், ஆலன் கிட்டல்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1973-இல் இப்படித்தான் ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில், மக்களிடையே பெரிய வேறுபாடு இல்லாதபோதும், பிள்ளைகளுக்குத் தொண்டைச் சதையை (டான்சில்) அகற்றும் அறுவை ஓர் ஊரில் மிகுதியாகவும் அடுத்த ஊரில் குறைவாகவும் நடந்தது. அந்த வேறுபாடு நோயிலிருந்து வந்ததைவிட மருத்துவர்களின் பழக்கத்திலிருந்தே வந்தது என்று பிறகு தெளிவாயிற்று.

இதனால் யாருக்குப் பயன் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டபோது புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து மருந்தை மொத்தமாக வாங்குவது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் கொடுத்து அதிலுள்ள தொகைக்கு ஏற்ப மருந்தை எடுத்துக்கொள்ளச் செய்வது என்று வழங்கும் முறையை மட்டும் மாற்றியது. பின்னர் கேரளமும் இராஜஸ்தானும் அதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையையும் நீங்கள் அறிவீர்கள். அங்கே ஒரு நோயாளிக்கு அறுவை முடியும்போதே அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் வீணாகாததால் ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு குறைகிறது, பணம் கட்ட முடிந்தவர்களிடமிருந்து வருவது முடியாதவர்களுக்கும் உதவுகிறது. உங்கள் மகள் மதுரைக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வரட்டும்.

இனிப் படிப்பு. இளநிலைப் பட்டத்திலேயே இந்தத் துறையின் பெயரைத் தேட வேண்டாம். புள்ளியியல், கணிதம், பொருளியல் ஆகிய மூன்றில் ஒன்றை எடுப்பதே நல்லது. என்னைக் கேட்டால் முதலில் புள்ளியியல் என்பேன். சென்னை மாநிலக் கல்லூரியிலும் லயோலாவிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் அது உண்டு. வெளியூர் அனுப்ப மனமில்லை என்றால் காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கட்டும், கட்டணமும் உங்களுக்குச் சுமையாக இருக்காது. அந்த மூன்று ஆண்டுகளில் புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படும் 'ஆர்' (R) என்ற கணினி மொழியையும், ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை படிக்கும் பழக்கத்தையும் கைவசப்படுத்திக்கொள்ள வேண்டும். அதன்பின் முதுநிலை: வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உயிரிப் புள்ளியியல், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதாரம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பொதுச் சுகாதாரம் என்று வழிகள் உண்டு. ஒன்றில் கவனம் தேவை: பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புகளில் சில, மருத்துவமோ செவிலியமோ படித்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன. எனவே, இளநிலையில் சேரும் முன்பே அவள் விரும்பும் நிறுவனங்களின் சேர்க்கை அறிவிக்கையை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

மூன்று ஆண்டு மருத்துவமனை மேலாண்மைப் படிப்பு என்று பளபளப்பான விளம்பரத்தோடு யாராவது வந்தால் நிதானியுங்கள். மருத்துவமனையை நடத்தக் கற்பது வேறு, அதை ஆராயக் கற்பது வேறு. நான் ஒரு முறை அப்படி ஒரு கல்லூரியை நம்பி ஒரு மாணவனைச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். வேலை உறுதி என்று எழுதித் தந்தவர்கள் கடைசியில் வரவேற்பு மேசையில் சீட்டுப் போடும் வேலைக்கு அனுப்பினார்கள். அந்தப் பையனின் தகப்பனார் இன்றும் என்னிடம் மரியாதையாகப் பேசுவதுதான் எனக்கு வருத்தம்.

சங்கடமான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் வருபவை. ஓர் ஆய்வுத் திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். முனைவர் பட்டம் இல்லாமல் சொந்தமாக ஆய்வை நடத்தும் இடத்துக்கு வருவது கடினம், ஆகவே அவள் முழுதாக நிலைபெறப் பத்து ஆண்டுகள் ஆகலாம். அந்தப் பத்தாண்டில் வங்கித் தேர்வு எழுதிய தோழி வீடு கட்டிவிடுவாள், அதைப் பார்த்துப் பொறுக்கும் மனம் உங்கள் இருவருக்கும் வேண்டும். ஆனால் புள்ளியியல் தெரிந்தவள் இந்தத் துறை பிடிக்கவில்லை என்றாலும் காப்பீட்டு நிறுவனத்திலோ மருந்து நிறுவனத்திலோ தரவு நிறுவனத்திலோ பிழைத்துக்கொள்வாள். மூன்றாவது முறை நீட் எழுதித் தவறினால் இன்னும் ஓர் ஆண்டு போனதைத் தவிர கையில் ஒன்றும் இருக்காது. நான் புள்ளியியலை வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன படிப்பு என்று சொல்வது என்ற உங்கள் கவலைக்கு, எம்.எஸ்ஸி. புள்ளியியல் என்று சொன்னால் போதும். மீதியை அவளே விளக்கிக்கொள்வாள், அதில் அவளுக்குத் தயக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை மாலை கடையை அடைத்த பிறகு இருவரும் வாருங்கள், கல்லூரி விண்ணப்பங்களை இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். அவளை அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மருந்து வரிசையில் நின்ற அந்த 45 நிமிடத்தில் அப்பத்தாவுக்கு முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை ஜன்னல் திறந்திருந்தது என்று குறித்திருக்கிறாளா என்பதை நான் பார்க்க வேண்டும்.