எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று வருகிறது, குரோமை அழித்துத் திரும்பப் போட்டும் போகவில்லை. என்ன செய்வது?

முதலில் திரையின் வலது மூலையில், கீழே இருக்கும் தேதியைப் பாருங்கள். மணியை இல்லை, தேதியை, அதிலும் வருடத்தை.

பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7, நேற்று வரை ஓடியது, இன்று கூகுள், யூடியூப், வங்கி எதுவும் திறக்கவில்லை, ஏதோ ஒரே ஒரு பழைய தளம் மட்டும் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு தளம்தான் துப்பு. அதன் முகவரியைப் பாருங்கள், எச்டிடிபி என்று மட்டும் இருக்கும், கடைசியில் எஸ் இருக்காது. அப்படியென்றால் இணையம் வருகிறது, மோடத்தில் கோளாறு இல்லை, பிரவுசரிலும் பெரும்பாலும் கோளாறு இல்லை. தளம் உண்மையானதுதானா என்று அதன் சான்றிதழைப் பிரவுசர் பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் தடுக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது கோத்தகிரியில், என் ஜெராக்ஸ் கடையில், ஒரு முழு நாளை வீணாக்கி. எங்கள் பக்கம் ஆடி மழையை விட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். அந்த வருடம் நவம்பரில் மரம் விழுந்து கம்பி அறுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. நாலாம் நாள் காலை கடையைத் திறந்தால் எல்லாத் தளத்திலும் அதே சிவப்பு எச்சரிக்கை. அரவேனு பக்கமிருந்து ஒரு அக்கா மகனுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட வந்து நிற்கிறார், அன்றுதான் கடைசி நாள். நான் குரோமை அழித்தேன், திரும்பப் போட்டேன், வைரஸ் என்று நினைத்து இரண்டு மணி நேரம் ஸ்கேன் ஓட்டினேன், மோடத்தைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டேன், கடைசியில் இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து சண்டையும் போட்டேன் (அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம்). அக்காவின் விண்ணப்பத்தை என் போனிலேயே தட்டித் தட்டி ஒருவழியாக அனுப்பினேன்.

சாயங்காலம் பக்கத்து வாட்ச் கடை அண்ணா டீ குடிக்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, உம்பட கம்ப்யூட்டருக்கு இன்னும் 2009ஆம் வருசமா?" என்றார். பார்த்தேன். ஜனவரி 1, 2009. அதைவிட வெட்கம் என்னவென்றால், அந்தச் சிவப்புப் பக்கத்திலேயே உங்கள் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சிவப்பைப் பார்த்ததும் பயந்தேனே தவிர, அன்று முழுக்க அதை ஒரு தடவை கூடப் படிக்கவில்லை. வருடக்கணக்கில் பின்னால் போயிருந்தால் குரோம் பெரும்பாலும் இப்படி நேராகவே சொல்லிவிடும். சில மாதங்கள் முன்பின் என்றால் உங்களுக்கு வந்த மாதிரிப் பொதுவான எச்சரிக்கை மட்டும் வரலாம். அதனால்தான் தேதியைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன்.

தேதி தப்பானால் தளம் ஏன் திறக்காது? எங்கள் நீலகிரி மலைக்கு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது தெரிந்திருக்கும். குஞ்சப்பனை செக்போஸ்டில் பாஸ் பார்ப்பவர் கையில் போன வருடக் காலண்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற வண்டி எல்லாவற்றிடமும் சரியான பாஸ்தான் இருக்கும், ஆனால் அவர் கணக்கில் ஒன்றுக்கும் இன்னும் நாள் வரவில்லை, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று இரண்டு தேதி இருக்கிறது, பிரவுசர் அதை உங்கள் கணினியின் தேதியோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். முன்பு சான்றிதழ் இரண்டு, மூன்று வருடத்துக்கு வாங்குவார்கள், கடிகாரம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் ஓடிவிடும். 2020 செப்டம்பரில் புதுச் சான்றிதழுக்கு அதிகபட்சம் 398 நாள் என்று குறைத்தார்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுப்பது வழக்கமாக 90 நாளுக்குத்தான். இப்போது தேதி நாலைந்து மாதம் பிசகினாலே பாதித் தளங்கள் படுத்துவிடும்.

தேதி தானாகப் போனதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல். சிஆர் 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அந்த எண்ணின் அர்த்தமே அதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கணினியை ஷட்டவுன் செய்திருந்தாலும், உள்ளே ஒரு சின்ன மின்சாரம் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், செல் செத்துப்போனது யாருக்கும் தெரியாது. நாங்கள் மழைக்கும் இடிக்கும் பயந்து சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கி வைக்கிற ஆட்கள், அதனால் எங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. குளிரில் செல் செத்துவிடும் என்று இங்கே பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், அது மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும், ஊட்டிப் பனியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வயதாகிப் போகிறது, அவ்வளவுதான்.

இணையத்திலிருந்து விண்டோஸ் தானே நேரத்தை எடுத்துக்கொள்ளாதா என்றால், எடுக்கும், ஆனால் வீட்டுக் கணினியில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இது ஏதோ வில்லங்கம் என்று தொடாமல் விட்டுவிடும். ஆக, முதல் தடவை நீங்கள்தான் கையால் வருடம், மாதம், நாள் போட வேண்டும். நேர மண்டலம் இந்தியா, அதாவது பிளஸ் 5.30 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சிலர் அமெரிக்கப் பசிபிக் மண்டலத்தை அப்படியே விட்டுவிட்டு மணியை மட்டும் நம்மூர் மணிக்குத் திருப்பி வைத்திருப்பார்கள், பார்க்கச் சரியாக இருக்கும், உள்ளே பதிமூன்றரை மணி நேரம் வரை தப்பாக ஓடும். அப்புறம் பிரவுசரை மூடித் திறங்கள்.

திறந்துவிட்டதா? சரி, ஆனால் செல்லை மாற்றாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் இதே கதை. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எனக்கு அந்த அண்ணாதான் கொடுத்தார், "மணி தப்பா ஓடுனா எங்கிட்டத்தானே வரோணும்" என்று ஒரு சிரிப்பு வேறு. ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செல்லைப் பிடித்திருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளினால் துள்ளி வரும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை பிளஸ் குறி மேலே தெரிகிற மாதிரி அழுத்துங்கள். ஆன் செய்ததும் பயாஸ் திரை (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) வந்தால் அங்கேயே தேதியைப் போட்டுச் சேமியுங்கள். லேப்டாப் என்றால் சிலவற்றில் ஒயர் வைத்த செல் இருக்கும், அதற்குக் கடைக்குப் போவதே மேல்.

தேதி சரியாக இருந்தும் தடுக்கிறது என்றால் வேறு கதை, உங்களுக்கு விண்டோஸ் 7 என்பதால் அதற்கும் வாய்ப்பு உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குத் துணையாக இருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களை நம்பலாம் என்று உறுதி கொடுப்பது) காலாவதியானது. புதிய வேரை அறியாத கணினிகளில் அன்றிலிருந்து நிறையத் தளங்கள் சிவப்பு. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14 அன்றே கையை விரித்துவிட்டது, குரோமும் 109ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. இதற்கு நான் செய்வது பயர்பாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் ஆதரவு தரும் பதிப்பு) போடுவது, அது விண்டோஸின் வேர்ச் சான்றிதழ்ப் பட்டியலை நம்பாமல் தன் பட்டியலைத் தானே கொண்டுவரும். தற்காலிகம்தான், அந்த இயந்திரத்தில் வங்கி வேலை பார்க்காதீர்கள். 7.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே தொல்லை உண்டு.

ஆன்டிவைரஸும் காரணமாக இருக்கலாம். சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் உட்கார்ந்து எல்லாத் தளத்துக்கும் தாங்களே சான்றிதழ் எழுதிக் கொடுக்கும். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைத் தட்டிச் சான்றிதழைத் திறந்து வழங்கியவர் பெயரைப் பாருங்கள், ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அதன் அமைப்பில் எச்டிடிபிஎஸ் ஸ்கேன் என்பதை அணைத்துப் பாருங்கள். லாட்ஜ் வைபையில் மட்டும் வருகிறது என்றால் அவர்களின் லாகின் பக்கம் திறக்கவில்லை என்று அர்த்தம், நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடித்தால் அந்தப் பக்கம் வந்துவிடும்.

எது எப்படியோ, 'மேம்பட்டவை' என்பதை அழுத்தி 'பாதுகாப்பற்றது, இருந்தும் செல்' என்று போகிற வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடையில் வருகிறவர்களுக்கு நான் இதை மட்டும் செய்து கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கூகுள், வங்கி மாதிரிப் பல தளங்களுக்கு அந்த வழியையே பிரவுசர் காட்டாது.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால், அந்தச் சிவப்புப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். 'டேட் இன்வேலிட்' என்று முடிந்தால் தேதி, 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றால் வேர்ச் சான்றிதழோ ஆன்டிவைரஸோ, 'காமன் நேம் இன்வேலிட்' என்றால் வேறு ஏதோ தளத்தின் சான்றிதழ் வந்து நிற்கிறது. அதை அப்படியே எழுதி அனுப்புங்கள், கூடவே கணினியில் இப்போது என்ன தேதி காட்டுகிறது என்பதையும்.