ஐந்தாம் நாளே சென்ட்ரிங் பிரிக்கலாமா?

கேள்வி: மணப்பாறை பக்கம் எங்கள் மனையில் கீழே 1,000 சதுர அடி, மேலே ஒரு தளம் என்று வீடு கட்டுகிறோம். விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்றளிக்கும் சுயசான்று முறையில் அனுமதி சுலபமாகக் கிடைத்துவிட்டது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் குடிபோக வேண்டும். வீட்டு வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கின்றன. ரூஃப் போட்ட ஐந்தாம் நாளே சென்ட்ரிங்கை (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையையும் முட்டுகளையும்) பிரித்து, மேலே செங்கல் ஏற்றிவிடலாம், நூறு வீடு இப்படித்தான் கட்டியிருக்கிறேன் என்கிறார் மேஸ்திரி. எங்கள் என்ஜினீயர் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார். சீக்கிரம் கட்டட்டும் என்று அரசாங்கமே விதியைத் தளர்த்தும்போது, நாங்கள் இவ்வளவு நாள் காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: என்ஜினீயர் சொல்வதைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் குடிபோகவும் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அனுமதி விஷயம். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டம் நல்ல திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால், ஒரு வரைபடத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். அந்த அலைச்சலில் வீட்டின் பலம் ஒரு துளியும் கூடியதில்லை, அது போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அனுமதி பார்ப்பதெல்லாம் பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டீர்கள், எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு என்பதைத்தான். உங்கள் பீமில் எத்தனை கம்பி, கான்கிரீட்டில் எவ்வளவு தண்ணீர் என்று யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. உங்கள் வீட்டைப் போன்ற சிறு வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. அதாவது கான்கிரீட்டுக்குக் காவல் நீங்களும் உங்கள் என்ஜினீயரும்தான். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் சரிந்த பதினொரு மாடிக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். அனுமதிக் காகிதத்தைப் பாதுகாப்புச் சான்றாக நினைத்துவிடாதீர்கள்.

இப்போது மேஸ்திரி சொல்வது. அதில் பாதி உண்மை உண்டு. இந்தியத் தர நிர்ணய விதியான ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? தளத்தின் அடியில் இருக்கும் பலகையை மூன்று நாளில் எடுக்கலாம், ஆனால் எடுத்த கையோடு முட்டுகளைத் திரும்ப நிறுத்த வேண்டும். முட்டுகளை முழுவதுமாக எடுக்க, தளத்தின் குறுக்களவு நாலரை மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு அடியில் இருக்கும் முட்டு, ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். உங்கள் வீட்டில் பெரிய ஹாலும் அதன் குறுக்கே ஒரு பீமும் இருக்குமானால், என்ஜினீயர் சொன்ன இரண்டு வாரம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இன்னொன்று, இந்த நாள் கணக்கு ஓபிசி எனப்படும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கானது. உங்கள் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பிபிசி என்று அச்சிட்டிருக்கும். அதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது. சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு அந்தச் சாம்பல் மெதுவாகத்தான் சேரும். முடிவில் கிடைக்கும் பலம் நல்ல பலம், ஆனால் முதல் வாரத்தில் அது பின்தங்கியே இருக்கும். ஆகவே பிபிசி என்றால் நாளைக் கூட்டத்தான் வேண்டும், குறைக்கக் கூடாது. தண்ணீர் விடுவதும் அப்படியே: ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள். ரூஃப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பில்லருக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். காலையில் ஒரு குடம் தெளித்துவிட்டுப் போவது கணக்கில் வராது.

ஐந்தாம் நாள் செங்கல் ஏற்றுவதுதான் இதில் ஆக மோசமான யோசனை. ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். 12க்கு 15 அடி அறையின் கூரை மட்டும் ஐந்து டன். முற்றிப் பலமான பிறகும், குடியிருக்கும் வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கூடுதல் சுமைக்குத்தான் கணக்குப் போடுகிறோம். செங்கல்லை ஒரு மீட்டர் உயரத்துக்கு நெருக்கி அடுக்கினால் அந்த ஒரு சதுர மீட்டரில் ஒன்றரை டன்னுக்கு மேல் உட்கார்ந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன் இப்படிக் கட்டிய ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஹாலின் குறுக்கே பதினாறடி பீம். ஆறாம் நாள் முட்டுகளை உருவி, மேலே நடுவில் செங்கல் இறக்கியிருந்தார்கள். பீமின் இரண்டு முனையிலும் அடியில் ஒரே கனத்தில் கட்டை வைத்து நூல் பிடித்தோம். அதே கனக் கட்டை ஒன்றை நூலுக்கும் பீமுக்கும் நடுவே நகர்த்திக்கொண்டு போனேன். பாதி தூரம் போனதும் நின்றுவிட்டது. பீம் தொங்கி, நூலுக்கு அருகே வந்திருந்தது. அடியில் மயிரிழை போல நாலைந்து கீறல். கீழே இரும்பு பீம் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கார அம்மா அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

மேஸ்திரி ஏன் அவசரப்படுகிறார் என்பதையும் பாருங்கள். சதுர அடி ரேட்டில் பேசியிருப்பீர்கள். சென்ட்ரிங் வாடகை அவர் தலையில். ஷீட்டும் முட்டும் அடுத்த சைட்டுக்குப் போனால்தான் அவருக்குக் கட்டும். ஏழு நாளைக்கு மேல் நிற்கும் முட்டுகளின் வாடகையை நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மொத்தச் செலவில் அது சிறு தொகை. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

பிரிக்கும் முறையும் முக்கியம். ஒரே நாளில் எல்லாவற்றையும் உருவக் கூடாது. அறைத் தளத்துக்கு நடுவிலிருந்து சுவரை நோக்கி, பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் வெளிமுனையிலிருந்து சுவரை நோக்கி. மாடி ரூஃப் போடும்போது அந்த ஈரக் கான்கிரீட்டின் பாரம் முழுக்கக் கீழ்த்தளத்தின் மேல்தான் இறங்கும். அப்போது கீழேயும் முட்டு நிற்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, நாட்களை எங்கே மிச்சம் பிடிப்பது? சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்பு முறையில் 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. சுவரையும் தளத்தையும் வார்ப்புக் களத்தில் தனியாக வார்த்து இறுக வைத்து, பிறகு கொண்டுவந்து பூட்டினார்கள். உங்கள் ஒரு வீட்டுக்கு அந்த முறை கட்டுப்படியாகாது, ஆனால் ஒரு வேலை இறுகும்போது இன்னொரு வேலை நடக்கலாம் என்பது உங்களுக்கும் பொருந்தும். ரூஃப் தண்ணீரில் கிடக்கும் இரண்டு வாரத்தில் செப்டிக் டேங்க், தரைத் தொட்டி, காம்பவுண்ட் சுவர் எல்லாம் முடிக்கலாம். நிலை, ஜன்னலுக்கு இப்போதே ஆர்டர் கொடுங்கள். சுவிட்ச் எங்கே, குழாய் எங்கே என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து இந்த வாரமே முடிவு செய்யுங்கள். நான் பார்த்தவரை அதிக நாள் வீணாவது, கட்டிய சுவரை உடைத்து மாற்றுவதில்தான்.

ரூஃபுக்கு ரெடிமிக்ஸ், அதாவது ஆலையில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட், சொல்லலாம். உங்கள் அளவுக்குச் சுமார் 12 கன மீட்டர், இரண்டு வண்டி. எம்20 தரத்துக்குப் பதில் அதைவிடப் பலமான எம்25 கேளுங்கள், தேவையான பலம் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். வண்டி வந்ததும் ஓட்டமாக வரட்டும் என்று தண்ணீர் கலக்க யாரையும் விடாதீர்கள். அதே கான்கிரீட்டில் சோதனைக்காக ஆறு கியூப் (கனசதுரக் கட்டி) வார்த்து, மூன்றை 7ஆம் நாளும் மூன்றை 28ஆம் நாளும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏழாம் நாள் முடிவைப் பார்த்து முட்டுகளைப் பற்றி என்ஜினீயர் முடிவெடுக்கட்டும்.

தைக்கு வழி இதுதான்: மாடியை இப்போது விடுங்கள். கீழ்த்தளத்தை முறையாக முடித்துக் குடிபோங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி, சிமென்ட் குறைவான மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள். மாடியைக் கோடையில் தொடங்கலாம்.

ரூஃப் போட்ட அன்றைக்கே படிக்கட்டுப் பக்கச் சுவரில் தேதியைச் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதுங்கள். அதன் கீழேயே முட்டுப் பிரிக்கும் தேதியை என்ஜினீயர் கையாலேயே எழுத வையுங்கள்.