முன்பல்லில் பள்ளமும் கண்ணில் கூச்சமும் இருந்தால் அது பிறவி சிபிலிஸ்தானா?

பல்லை மட்டும் பார்த்து அப்படி முடிவு கட்ட முடியாது. சிபிலிஸ் என்பது பாலுறவால் பரவும் தொற்று; கர்ப்பிணித் தாயிடமிருந்து குழந்தைக்கு வந்தால் அது பிறவி சிபிலிஸ். முன்பல் நுனியில் பள்ளம், வெளிச்சத்தில் கண் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் படங்களைப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்கவும் முடியாமல் தவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. "பிறகு உனக்கென்ன வேலை?" என்று கேட்க வருகிறவர்களுக்கு ஒன்றே பதில்: என் தங்கைக்கு இந்த நோய் இருந்தது, அவளோடு மருத்துவமனைக்கு அலைந்தவள் நான்.

பள்ளியில் படிக்கும்போது அவளுக்குக் கண் சிவந்து நீர் வடியத் தொடங்கியது. எல்லோரும் சாதாரணக் கண்வலி என்றார்கள். முதலில் ஒரு கண், பிறகு மற்றதும். கருவிழியின் மேல் மெல்லிய வெண்மை படர்ந்தது. ஜன்னலைத் திறந்தால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வாள். சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. கடைசியாகப் பார்த்த கண் மருத்துவர், கண்ணைச் சோதித்த விளக்கை அணைத்துவிட்டு அவளுடைய மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். நடுவிலுள்ள இரண்டு பற்களும் ஈறருகே அகன்று, கீழே குறுகி, நுனியில் பிறைபோல் குழிந்திருந்தன. அதற்குப் பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

19ஆம் நூற்றாண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் இந்தப் பற்கள், கருவிழி அழற்சி, காது கேளாமை மூன்றையும் இந்நோயின் அடையாளங்களாகச் சேர்த்துச் சொன்னார். மூன்றும் ஒருவரிடமே இருப்பது அரிது. கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைகிறது. பிறப்பையொட்டி ஈறுக்குள் உருவாகத் தொடங்கும் நிரந்தரப் பற்கள்தான் பெரும்பாலும் வடிவம் கெடுகின்றன, பால்பற்கள் தப்பிவிடும். கண்ணோ பெரும்பாலும் 5 முதல் 20 வயதுக்குள் பாதிக்கப்படுகிறது. ஆனால் எனாமல் குறைபாடு, சிறுவயதில் பட்ட அடி போன்றவற்றாலும் பல் நுனி குழியலாம். எனவே விடிஆர்எல், டிபிஎச்ஏ போன்ற ரத்தப் பரிசோதனைகள் இல்லாமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தங்கைக்குப் பெனிசிலின் போட்டார்கள். கிருமி ஒழிந்தாலும் கண் அழற்சி அதனால் மட்டும் அடங்குவதில்லை. மருத்துவர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு சொட்டும் தேவைப்பட்டது. ஒரு கண்ணில் தழும்பு நின்றுவிட்டது. காதையும் சோதித்தார்கள், நல்லவேளையாகக் குறை இல்லை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. முடிவு வந்த அன்று, பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவில் அம்மாவை நிறுத்தி, "உங்களுக்கு எத்தனை பேரோடு பழக்கம்?" என்று ஒரு ஊழியர் கேட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. அப்பாவிடம் அப்படி யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தொற்று இருந்தும்கூட. பழைய கேஸ் தாள்களைக் கேட்டபோதும் "தர முடியாது" என்று விரட்டினார்கள். நம் உடம்பைப் பற்றிய தாளை நம்மிடமே மறைப்பது என்ன நியாயம்? எந்த நோயாளிக்கும் இது நடக்கக் கூடாது.

அம்மா கர்ப்பமாக இருந்தபோது ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, உரிய காலத்தில் பென்சாதின் பெனிசிலின் போட்டிருந்தால் தங்கையின் கண் தப்பியிருக்கும். கியூபா இந்த வழியில்தான் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுத்து, 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

நீங்கள் முதலில் கண் மருத்துவரிடம் போங்கள், கருவிழி காத்திருக்காது. பல்லையும் அவரிடம் காட்டுங்கள். தொற்று உறுதியானால் உங்கள் அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும். அம்மாவிடம் பேசும்போது சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.